பேஷண்டுக்கு ஒரு ஆள்

பத்தொன்பதாம் நம்பர் இப்பத்தான் உள்ள போயிருக்கு. எங்க சீட்டு முப்பத்தொண்ணு. ஆளுக்குப் பத்து நிமிஷம்னு வச்சாலும் இன்னும் ரெண்டு மணி நேரம் இந்தப் பெஞ்சுல உக்காந்து எதுத்த பெஞ்சுல இருக்கிறவ மூஞ்சியைப் பாக்கணும், என் தலையெழுத்து. கதவுகிட்ட நிக்கிற நர்சம்மா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா சொல்லிக்கிட்டே இருக்கு, ஒரு பேஷண்டுக்கு ஒரு ஆளுதான், ஒரு பேஷண்டுக்கு ஒரு ஆளுதான்னு. எங்களைப் பாத்துத்தான் சொல்லுதோன்னு எனக்கு இருக்கு. நாங்க வந்தது மூணு பேரு. பேஷண்டு என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம், இந்தா என் பக்கத்துல கண்ணைக் கசக்கிக்கிட்டு இருக்காக. நான் செண்பகவல்லி, அவுகளுக்குக் கழுத்தை நீட்டிப் பத்தொன்பது வருஷம் ஆகுது. மூணாவது ஆளு எதுத்த பெஞ்சுக்காரி, மேட்டுத்தெரு ஆவுடைத்தங்கம். அவ எங்களுக்கு ஒரு ஒறவும் இல்ல. ஆனா உள்ள டாக்டரம்மா கேக்கப்போற கேள்விக்குப் பதில் தெரிஞ்சவ அவதான். கட்டுனவளுக்குத் தெரியாது, தெருக்காரிக்குத் தெரியும். நினைச்சாலே அடிவயித்துல இருந்து எரிஞ்சுக்கிட்டு வருது. இவுகளுக்கு இருக்கிறது ஒறக்கத்துல நடக்கிற வியாதிதான்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்தா திங்கக்கிழமை விசாரணையில வேலை நிக்கும், குடுக்கலன்னா பதினாலு வருஷ வேலை போச்சு. கூட ஒரு ஆளுதான் போக முடியும். நானா, அவளா. இதுல என்ன யோசனை, நான்தான் போவேன். பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கையில இன்னொருத்தி எதுக்கு உள்ள போகணும்.

அவுக எங்க பேரூராட்சியில தண்ணி தொறந்து விடுதவுக. பதினாலு வருஷமும் தினக்கூலிதான், இந்த வருஷமாவது நிரந்தரம் ஆகும்னு ஒரு பேச்சு இருந்துச்சு. தெருவுக்குத் தெரு ரோட்டோரம் ஒரு குழி, குழிக்குள்ள வால்வு, அதைத் திருக ஆளுயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி. அந்தச் சாவியைத் தோள்ல போட்டுக்கிட்டு விடியக்காலம் மூணு மணிக்குப் போவாக, உச்சிக்கு வந்து ரெண்டு வாய் தின்னுட்டுப் படுப்பாக, சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திரும்ப டேங்க் ஏத்தப் போகணும். ஒறக்கம்னா அந்த மத்தியான ஒறக்கமும் ராத்திரி ரெண்டு மூணு மணி நேரமும்தான். ஒரு தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு முறை, முறைக்கு ஒண்ணே கால் மணி நேரம். கைக்கடிகாரத்தைப் பாத்துத் தொறப்பாக, கைக்கடிகாரத்தைப் பாத்து அடைப்பாக. எங்க தெருவுக்கும் அதே சட்டந்தான். எங்க அம்மா செத்த அன்னைக்கு வீடு கொள்ளாத ஆளு, ஒரு அரைமணி நேரம் தொறந்து விடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். இன்னைக்கு நம்ம முறை இல்லட்டின்னுட்டு லாரித் தண்ணிக்கு ஆளனுப்புனாக. அன்னைக்கு நான் ஏசுன ஏச்சுக்கு வேற ஆம்பளையா இருந்தா சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிருப்பான். இவுக தரையைப் பாத்துக்கிட்டே நின்னாக. அப்படிப்பட்ட மனுசனை இந்தத் தங்கம் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை ஏசியிருக்கா. போன கோடையில. மேட்டுத்தெருவுக்கு முறை வந்தாலும் தண்ணி ஏறாது, கடைசி அரைமணி நேரம் நூல் மாதிரி ஒழுகும், அம்புட்டுத்தான். நாலு காலிக்குடத்தை ரோட்டுல வரிசையா வச்சு இவுகளை மறிச்சு, பிள்ளைக நாக்கு வறண்டு கிடக்கையில ஒமக்கு எப்படி ஒறக்கம் வருதுன்னு கேட்டிருக்கா. அன்னைக்குச் சோறு தின்னும்போது சொன்னாக, அந்தப் பிள்ளை கேட்டது நியாயந்தான்னு. சொல்லிட்டுப் பாதிச் சோத்துல கையைக் கழுவிட்டாக. பத்தொன்பது வருஷமா நானும் ஏசுதேன். பருப்புக்கு ஏசுதேன், பழைய சட்டைக்கு ஏசுதேன், வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறதுக்கு ஏசுதேன். ஒரு ஏச்சாவது உள்ள எறங்கியிருக்குமா. எல்லாம் எருமை மாட்டு மேல பேஞ்ச மழை. அவ ஏசுனது மட்டும் உள்ள எறங்கி, ஒறக்கத்துக்கு அடியில போய் உக்காந்துக்கிட்டு, மத்தியானம் மத்தியானம் இவுகளை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கு. அப்ப அவ பேச்சுக்கு இருக்கிற வலு என் பேச்சுக்கு இல்ல, அதானே அர்த்தம்.

பங்குனி மாசத்துல இருந்துதான் ஊருக்குள்ள பேச்சு கெளம்புச்சு. மேட்டுத்தெருவுல முறை இல்லாத நாள்ல, நட்டநடு மத்தியானம் தண்ணி வருதுன்னு. அந்த நேரத்துல வேற எந்தத் தெருவும் தொறந்திருக்காது, அதனால மேட்டுக்குக்கூட நல்லா ஏறும். சாயங்காலம் கீழத்தெருவுக்கு டேங்குல தண்ணி பத்தல. கீழத்தெரு வார்டு மெம்பர் ஆபீசுல போய் நின்னாரு. இவுக, சாமி சத்தியமா நான் தொறக்கலன்னாக. ஊரே கண்ணால பாத்திருக்கு, வணக்கம் வச்சவுகளுக்குப் பதில் வணக்கம் வச்சுட்டுப் போயிருக்காக, அப்புறம் சத்தியம் பண்ணுனா யாரு நம்புவா. மேட்டுத்தெருவுல தொடுப்பு இருக்குன்னு பேசுனாக. யாருன்னு கேட்டா தங்கம். அவ புருஷன் கேரளாவுக்குக் கல்லுடைக்கப் போனவன், வருஷத்துக்கு ரெண்டு தரம் வாரான், இவ வாசப்படியில பீடித்தட்டை மடியில வச்சுக்கிட்டு ரோட்டைப் பாத்து உக்காந்திருப்பா. ஊருக்கு அது போதாதா. எனக்கும் போதுமா இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும். இதுல என்ன கொடுமைன்னா, இவுக எந்திரிச்சுப் போறதை ரெண்டு மூணு தரம் நானே பாத்தேன். படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எந்திரிச்சாக, லுங்கியை மடிச்சுக் கட்டுனாக, மூலையில சாத்தியிருந்த சாவியைத் தூக்கித் தோள்ல போட்டாக, கொண்டியை நீக்கிக் கதவைத் தொறந்தாக. நான் அரிசி பொடைச்சுக்கிட்டே டீ போடட்டான்னு கேட்டேன். ம்னாக. ம்னு சொல்ற ஆளு ஒறக்கத்துல இருக்காருன்னு எவளுக்குத் தெரியும். கண்ணு தொறந்திருக்கு, நடை தள்ளாடல, கேட்டதுக்குப் பதில் வருது. எவளுக்கும் தெரியாது. எவளுக்கும்னா சொல்லுதேன், அவளுக்குத் தெரிஞ்சிருக்கே. இந்த இடத்துல வந்து வந்து என் மனசு மாட்டிக்கிடுது, முள்ளுல சேலை மாட்டுன கணக்கா. இழுத்தா கிழியுது, விட்டா நடக்க முடியல.

சித்திரை பொறந்த மறுவாரம் ஒரு நாள் இவுக பின்னாலேயே போனேன். வெயிலு மண்டையைப் பிளக்குது, ரோட்டுல ஒரு நாயி இல்ல. இவுக காலுல செருப்பு இல்ல, தார்ரோட்டுல வெறுங்காலோட நடந்து போறாக. அதைக்கூட நான் என்னன்னு நினைச்சேன், அவளைப் பாக்கிற அவசரத்துல செருப்பை மறந்துட்டுப் போறாகன்னு நினைச்சேன். மேட்டுத்தெரு முக்குல வால்வுக் குழிகிட்ட அவ ஏற்கெனவே வந்து நிக்கா. இவுக குனிஞ்சு திருகுனாக. தண்ணி போற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு அவளைப் பாத்து, போதுமான்னு கேட்டாக. அந்தக் குரலு. அப்படி ஒரு குரல் அவுக தொண்டையில இருக்குன்னே எனக்குத் தெரியாது. என்கிட்ட ஒரு நாள், ஒரு பொழுது, போதுமான்னு கேட்டிருக்காகளா. அவ போதும் அடைச்சிருங்கன்னா. அடைச்சாக. அப்புறம் அவ இவுக மணிக்கட்டைப் பிடிச்சா. பிடிச்சு ரோட்டோரமா கூட்டிட்டு வாரா, இவுக கோயில் மாடு மாதிரி பின்னால வாராக. நான் அவ்வளவுதான். என் வாயில என்னென்ன வந்துச்சுன்னு எனக்கே தெரியாது, தெருவே கூடிட்டு. அவ கையைக் காட்டி, யக்கா கத்தாதீங்க, அண்ணாச்சி ஒறக்கத்துல இருக்காரு, திடுக்குனு எழுப்பிராதீங்கன்னா. எனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும். என் புருஷன் ஒறங்குதாரா முழிச்சிருக்காரான்னு நீ யாருட்டி எனக்குச் சொல்லன்னு அவ கொண்டையைப் பிடிக்கப் போனேன். அந்தச் சத்தத்துல இவுக முழிச்சாக. முழிச்ச வேகத்துல தோள்ல இருந்த சாவி கீழ விழுந்து, அதுல கால் தட்டி அவுகளும் விழுந்தாக, நெத்தியில இந்தா இந்தத் தையல் அன்னைக்கு விழுந்ததுதான். சுத்தி அம்பது பேரு. லுங்கி அவுந்து கிடக்கு. திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளை மாதிரி என்னைப் பாத்தாக. நான் அந்த முகத்தைப் பாத்தும் நிறுத்தல. வார்டு மெம்பரும் ஆபீஸ் கிளார்க்கும் வந்து கேட்டப்போ, நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் போறாக, அவளுக்காகத்தான் போறாக, ஒறக்கமும் இல்ல ஒரு எழவும் இல்லன்னு சொல்லி, எழுதுன தாள்ல கையெழுத்தும் போட்டுட்டேன். சாட்சி, மனைவின்னு போட்டிருக்காம். தவளை தன் வாயால கெடும்பாக. நான் கெட்டா பரவாயில்ல, இவுகளையும் சேத்துல்ல கெடுத்துட்டேன்.

இருபத்திமூணு உள்ள போகுது. செவுத்துல பெருசா ஒரு தட்டி மாட்டியிருக்காக, தூக்கக் கோளாறுகள்னு. தூக்கம் வராமை, குறட்டை, குறட்டையில மூச்சு நின்னு போறது, தூக்கத்துல பேசுறது, நடக்கிறது, பயந்து அலறுறது, பல்லைக் கடிக்கிறது, கால் குடைச்சல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம். ஒறங்குற புருஷனைப் பாத்து வயிறெரியுறதுக்கு மட்டும் ஒரு பேரும் போடல. செவ்வாக்கிழமை மொதத்தடவை வந்தப்போ டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாக. படுத்த ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல ஒறக்கம் அடியாழத்துக்குப் போகுமாம். சிலருக்கு அந்த ஆழத்துல மூளையில பாதி முழிச்சுக்கிடும், பாதி ஒறங்கும். முழிச்ச பாதி பழகுன வேலையைச் செய்யும், ஒறங்குற பாதிக்கு அது தெரியாது, அதனால பெறகு ஞாபகமும் இருக்காது, பொய் சொல்லுதாருன்னு நினைக்காதீங்கம்மான்னாக. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கூட வருமாம், வளர வளரப் போயிருமாம். பெரியவுகளுக்கு வந்தா ஒறக்கம் பத்தாததாலயும் வரும், நேரங்கெட்ட நேரத்துல வேலை பாக்கிறதாலயும் வரும். எழுப்பக் கூடாது, பதறக் கூடாது, மெதுவாக் கையைப் பிடிச்சுக் கொண்டாந்து படுக்க வைக்கணும், கதவைப் பூட்டிச் சாவியை ஒளிச்சு வைக்கணும். கையைப் பிடிச்சுன்னு சொன்னப்போ நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பீடி சுத்துறவளுக்கு எந்த டாக்டரு சொல்லிக் குடுத்தாரு இதை. கடைசியில சொன்னாக, வலிப்பு வந்தாலும் சிலருக்கு இப்படி நடக்கும், பாத்தவுக சொன்னாத்தான் பிரிச்சுப் பாக்க முடியும், கண்ணு எப்படி இருந்துச்சு, கை வெட்டுச்சா, பேசுனா பதில் சொன்னாரா, எல்லாம் தெரியணும், பாத்தவங்க யாரோ அவங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு. குறட்டை உண்டான்னு என்னைக் கேட்டாக. உண்டுன்னேன். அதுக்கு மேல சொல்லல. மேல சொல்ல இருக்கு. குறட்டை விடுற மனுசன் திடீர்னு நிறுத்திருவாக, மூச்சே இருக்காது. நான் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவேன். பதினாறு வரைக்கும் எண்ணியிருக்கேன். அப்புறம் ஒரு கேவு, திரும்ப மூச்சு வரும், எனக்கு உயிர் வரும். வருஷக்கணக்கா எண்ணுதேன். இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. இதாவது எனக்கே எனக்குன்னு இருக்கட்டும்னு தோணுச்சு. உங்களுக்குத் தூக்கம் எப்படிம்மான்னு என்னையும் கேட்டாக. எனக்கென்ன, கட்டை மாதிரி ஒறங்குவேன்னு சொல்லி வச்சேன்.

இவுக அந்தச் சண்டைக்குப் பெறகு ஒழுங்கா ஒறங்கவே இல்ல. பயப்படுதாக. எங்க போவேன்னு எனக்கே தெரியலையேட்டின்னு ஒரு நாள் சொன்னாக, அவ்வளவுதான், என்னை ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். காலைக் கட்டிப்போடுன்னாக. பழைய சேலையைக் கிழிச்சு இவுக கணுக்காலுக்கும் என் கணுக்காலுக்கும் முடிச்சுப் போட்டேன். பாவி மனசு, அதுல ஒரு சந்தோஷம் எனக்கு. இனிமே எங்கிட்டுப் போவீக பாப்போம்னு. இவுக கண்ணை மூட மூட எந்திரிச்சு உக்காந்து தண்ணி குடிக்காக, டீ கேக்காக. இப்பக்கூடப் பாரு, தலை தொங்குது, உடனே தொடையைக் கிள்ளி நிமிர்ந்துக்கிடுதாக. எதுத்தாப்புல அவ பாத்துக்கிட்டு இருக்கா. அங்க என்னட்டி பார்வை. நான் இவுக தோளைப் பிடிச்சு என் பக்கம் சாச்சுக்கிட்டேன். இவுகளுக்குச் சங்கடமாப் போச்சு, ஆளுக இருக்காகன்னு நிமிர்ந்து உக்காந்துட்டாக.

இருபத்தாறு. எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நல்ல யோசனையான்னு கேக்காதீங்க, என் புத்திக்கு ஏத்த யோசனை. அவளுக்குத் தெரிஞ்சதை எல்லாம் கேட்டு வாங்கிக்கிட்டு நானே பாத்த மாதிரி உள்ள போய்ச் சொல்லிட்டா என்ன. அவளைக் கேளாமலே அவ பக்கத்துல போய் உக்காந்தேன். நகர்ந்து எடம் குடுத்தா. என்னத்தைப் பாத்தன்னு எல்லாத்தையும் சொல்லுன்னேன். கோவமா யக்கான்னா. கோவத்தை விடு, சொல்லுன்னேன். மொத நாளே தெரிஞ்சு போச்சு யக்கான்னா. எப்படி. "அண்ணாச்சி வால்வைத் தொறந்தா ஒடனே கைக்கடிகாரத்தைப் பாப்பாரு. அன்னைக்குப் பாக்கல. கையில கடிகாரமே இல்ல. ஒரு ஈ வந்து கண்ணோரத்துல உக்காந்துச்சு, அண்ணாச்சி இமைக்கவே இல்ல. நான் பயந்துட்டேன்." கை கால் வெட்டுச்சான்னு கேட்டேன். இல்ல, நிதானமா இருந்துச்சுன்னா. பதினோரு தரம் வந்தாரு, பதினோரு தரமும் அப்படித்தான்னா. பதினோரு தரம் தெரிஞ்சும் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா ஒனக்குன்னு கேட்டேன். அவ விரலைப் பிசைஞ்சா. பீடி இலைக் கறை ஏறின விரல். "சொன்னா தண்ணி நின்னு போகுமே யக்கா. அதான் சொல்லல. தப்புத்தான். அதுக்காகத்தான் மத்தியானம் ஆனா வேலையைப் போட்டுட்டு முக்குல வந்து நிப்பேன். குழியில விழுந்துருவாரோ, லாரி வந்துருமோன்னு. திரும்ப ஒங்க தெரு முக்கு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு, அவரு வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்துற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போவேன்." களவாணி. தண்ணிக்காகத் தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தவ. ஆனா லாரி வருமோன்னு நின்னவளும் அவதான். நான் அந்த நேரத்துல வீட்டுக்குள்ள அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தேன். வெயில்ல வெறுங்காலோட நடந்துட்டு வந்து படுத்தவுக உள்ளங்காலு கொப்புளிச்சிருந்ததை நான் பாத்தேன். பாத்து என்ன கேட்டேன். எவ வீட்டு அடுப்புல மிதிச்சீகன்னு கேட்டேன்.

இருபத்தெட்டு போகையில திரும்ப இவுக பக்கத்துல வந்து உக்காந்தேன். ஒத்திகை பாக்கணுமே, மெதுவாச் சொன்னேன். நீங்க வந்து தொறந்தப்போ கண்ணோரத்துல ஈ உக்காந்துச்சு, நீங்க இமைக்கல. இவுக சட்டுன்னு திரும்புனாக. ஒறக்கம் எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. "எந்தக் கண்ணுல" ன்னாக. எனக்குத் தெரியல. வலது கண்ணுன்னு சும்மா சொன்னேன். "அப்புறம்?" கடிகாரம் பாக்கலன்னேன். "நான் எதுவும் பேசுனனா? சாவி எந்தத் தோள்ல இருந்துச்சு? ஆளுக முன்னால அசிங்கமா எதுவும் பண்ணலையே?" ஒவ்வொண்ணா கேக்காக. பத்தொன்பது வருஷத்துல இம்புட்டுக் கேள்வி ஒரே மூச்சுல அவுக என்னைக் கேட்டதில்ல. இவுகளைப் பத்தி இவுகளுக்கே தெரியாத ஒரு காரியம் இருக்கு, அது தெரிஞ்சாத்தான் இவுகளுக்குக் கண்ணை மூட முடியும், அதைத் தெரிஞ்சுக்கிட ஏங்கிப்போய் என் முகத்தைப் பாக்காக. என்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல. இரவல் வாங்குன ஒரு ஈயும், கையில இல்லாத ஒரு கடிகாரமும்தான் இருக்கு. அதுலயும் கண்ணு எதுன்னு தெரியல. டாக்டரம்மா இதே கேள்வியைக் கேட்டா என்னத்தைச் சொல்லுவேன். அது போக, விசாரணைக்கு வரச்சொன்ன மெமோவோட சேத்து ஆபீசுக்காரன் அனுப்புன தாளு டாக்டரம்மா மேசையில இருக்கும், நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் போறாகன்னு என் கையெழுத்தோட. அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க, இன்னைக்கு இப்படிச் சொல்லுதீங்க, எது நெசம்மான்னு கேட்டா என் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கு. நான் உள்ள போனா பொண்டாட்டின்னு போவேன், வெளிய வரும்போது இவுக வேலையைத் தொலைச்சுட்டு வருவேன். வேலை போனாக்கூடக் கூலிக்குப் போய்க் கஞ்சி குடிக்கலாம். இல்லாத தொடுப்புக்காக ஒழுக்கங்கெட்டவன்னு பேரு வாங்கி வீட்டுல உக்காந்தா இந்த மனுசன் இருக்கமாட்டாரு. எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியும். நீங்க யாரைக் கூட்டிட்டு உள்ள போறீகன்னு கேட்டேன். நீதான் வரணும்னு சொல்லுங்களேன்னு உள்ளுக்குள்ள கெஞ்சுனேன், ஒரு தடவை சொல்லுங்க, அது போதும், நானே அவளை அனுப்பிருதேன். இவுக தரையைப் பாத்துக்கிட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுட்டி, பாத்தவுக வந்து சொன்னாத்தானேன்னாக. நேர்மையான ஆளு. இந்த நேர்மையைக் கொண்டு போய் எந்தக் குழியில போடன்னு தெரியல.

முப்பது உள்ள போயிட்டு வெளிய வந்தாச்சு. முப்பத்தொண்ணு, சங்கரலிங்கம்னு நர்சம்மா கூப்புட்டுச்சு. மூணு பேரும் எந்திரிச்சோம். ஒரு பேஷண்டுக்கு ஒரு ஆளுதான்னு அது கையை நீட்டி மறிச்சுச்சு. தங்கம் நின்ன எடத்துல நின்னுட்டா, நீங்க போங்க யக்கான்னு பின்னால ஒதுங்கவும் செஞ்சா. அந்தப் பெருந்தன்மை வேற. நான் அவ முழங்கையைப் பிடிச்சு முன்னால தள்ளுனேன். நீ போன்னேன். இங்க பாரு, ராத்திரி குறட்டையில அவுக மூச்சு நின்னு போகும், பதினாறு எண்ணுற வரைக்கும் நிக்கும், அதையும் சேத்துச் சொல்லு, மறந்துராதன்னேன். என் சொத்துன்னு வச்சிருந்தது அது ஒண்ணுதான், அதையும் அவ கையிலயே குடுத்தேன். நர்சம்மா நோட்டைத் தொறந்து, நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்னு அவளைக் கேட்டுச்சு. ஒரே தெருதான்னு அவ இழுத்தா, அதுகூடப் பொய், அவ தெரு வேற எங்க தெரு வேற. தெருக்காரங்களை எல்லாம் விட முடியாது, சொந்தக்காரங்கதான் வரணும், அவரு சம்சாரம் வரலையான்னு நர்சம்மா கேட்டுச்சு. இந்தா நான்தான் சம்சாரம்னு சொன்னா அவ வெளிய நிப்பா. என் தங்கச்சின்னு சொல்லலாம்னு வாயெடுத்தேன், நல்லவேளை நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். என் தங்கச்சின்னா இவுகளுக்குக் கொழுந்தியா. முறைக்காரி. கட்டிக்கிடுற முறையை நானே எழுதிக் குடுக்கவா, என்ன கேணச்சியா நான். "அவ அவுக கூடப்பொறந்த தங்கச்சி. எனக்கு நாத்தனா. அப்படியே எழுதிக்கோங்க" ன்னேன். இவுக திடுக்கிட்டு என்னைப் பாத்தாக. பொய்யே சொல்லாத மனுசன், வாயைத் தொறக்கப் போனாக. நான் பாத்த பார்வையில மூடிக்கிட்டாக. நர்சம்மா எழுதுச்சு. பேரு கேட்டுச்சு, ஆவுடைத்தங்கம்னு நான்தான் சொன்னேன். ஒறவுங்கிற எடத்துல தங்கைன்னு எழுதுறதைக் கடைசி எழுத்து வரைக்கும் எட்டிப் பாத்துக்கிட்டே நின்னேன்.

கதவைத் தொறந்து இவுகளை முதல்ல உள்ள விட்டாக. தங்கம் வாசல்ல நின்னு திரும்புனா. இவ்வளவு நாளும் யக்கான்னு கூப்புட்டவ, தோள்ல கிடந்த துணிப்பையைக் கழத்தி என் கையில குடுத்து, "பையைப் பாத்துக்கோங்க மதினி" ன்னா. சிரிக்கல, கேலி பண்ணல. நெசமாவே அண்ணன் பொண்டாட்டிகிட்டக் குடுக்கிற மாதிரிக் குடுத்துட்டு உள்ள போனா. கதவு சாத்திட்டு. எனக்கு வயிறு எரிஞ்சது எரிஞ்சபடிதான் இருக்கு, ஒண்ணும் அணையல. உள்ள அவ பேசுதா, கதவு வழியா சத்தம் மட்டும் வருது, வார்த்தை பிடிபடல. பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பக்கத்துல ஒரு அம்மா, உள்ள போயிருக்கது யாரும்மான்னு கேட்டுச்சு. என் வீட்டுக்காரரும் நாத்தனாளும்னு சொன்னேன்.